கால் ரத்தக்குழாய் அடைப்பு: விரல் கறுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்

"கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னா சரியாயிடுது." நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். வயதாகிவிட்டது, வாயு என்று ஏதாவது காரணம் சொல்லி, தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். நடந்தால் வலிப்பதும் நின்றால் குறைவதும் காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு இருப்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

அடைப்பு எப்படி ஏற்படுகிறது?

இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் கால்சியமும் படிந்து, பாதை குறுகுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குறைந்த ரத்தமே போதும். நடக்கும்போது தசைக்குப் பல மடங்கு ரத்தம் தேவைப்படுகிறது. அது கிடைக்காததால் வலிக்கிறது. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் இதற்கு முக்கியக் காரணங்கள். உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், முதுமை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு தெரியும் 'வெரிகோஸ் வெயின்' வேறு நோய். அதற்குப் போடும் இறுக்கமான காலுறையை, தமனி அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

அலட்சியம் செய்யக் கூடாத அறிகுறிகள்

அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் சற்றுக் குறையும். சிறு புண்கூட ஆறாது. கடைசியில் விரல் கறுத்து அழுகத் தொடங்கும்.

சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். நரம்பு பாதிப்பால் பாதம் மரத்துப்போவதால், அவர்களுக்கு வலியே தெரியாமல் அடைப்பு முற்றிவிடலாம்.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளிறி, கடுமையாக வலித்து, உணர்விழந்தால் அது அவசர நிலை. சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சீராக்காவிட்டால் தசைகள் நிரந்தரமாகச் சேதமடையலாம். ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பரிசோதனைகள்

முதல் பரிசோதனை மிக எளியது. கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கும் அழுத்தத்தால் வகுக்கிறார்கள். விடை 0.9 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் அடைப்பு இருப்பதாகக் கருதலாம். சர்க்கரை நோயால் தமனி கெட்டிப்பட்டவர்களுக்கு இந்த எண் தவறாகக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், கால் விரலின் அழுத்தத்தையும் பார்ப்பார்கள். அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்பதை டாப்ளர் ஸ்கேனும் சி.டி. ஆஞ்சியோகிராமும் காட்டும்.

பெரிய அறுவை இல்லாத சிகிச்சை

ஆஞ்சியோபிளாஸ்டி என்றதும் நமக்கு இதயம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது காலில்தான் தொடங்கியது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், விரல்கள் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டி ஒருவர் காலை வெட்டச் சம்மதிக்கவில்லை. மருத்துவர் சார்லஸ் டாட்டர் மெல்லிய குழாய்களைச் செலுத்தி அவருடைய தொடைத் தமனியை விரித்தார். கால் பிழைத்தது. 1974-இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் பலூன் முறையைக் காலில் பயன்படுத்தினார். 1977-இல்தான் அது இதயத்துக்குச் சென்றது.

இன்று பெரும்பாலும் இடுப்பு மடிப்பில் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஊசித் துளை வழியாக மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்துகிறார்கள். அதன்மேல் பலூனைக் கொண்டுசென்று விரிக்கிறார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். மீண்டும் அடைப்பதைக் குறைக்க மருந்து பூசிய பலூன்களும் உள்ளன. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நீண்ட அடைப்புக்கு பைபாஸ் தேவைப்படலாம். இதில் பயன்படும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிறுநீரகக் கோளாறையும் சாப்பிடும் மாத்திரைகளையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆரம்ப நிலையில் உள்ள பலருக்கு மருந்தும் முறையான நடைப்பயிற்சியுமே போதும்.

நாம் செய்ய வேண்டியவை

திறந்த குழாய் மறுபடியும் அடைக்கலாம். ஆகவே புகையை அடியோடு விட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கவும் கொலஸ்ட்ராலுக்கும் தரும் மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது. காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு ஏற்படும் ஆபத்து அதிகம். அந்த மாத்திரைகள் அங்கேயும் காக்கின்றன.

சர்க்கரை உள்ளவர்கள் ஒளுச் செய்யும்போது பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்த்து, பிறகு ஈரமின்றித் துடைத்துக்கொள்வது நல்லது. வெந்நீரில் காலை வைக்க வேண்டாம்; மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது.

காலை எடுக்க வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடமும் ஒரு கருத்துக் கேட்போம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே உள்ளது. வாப்பாவோ உம்மாவோ அடுத்த முறை நடக்கும்போது கால் வலிக்கிறது என்றால், எவ்வளவு தூரத்தில் வலிக்கிறது, நின்றால் குறைகிறதா என்று கேட்போம். அந்தப் பதிலோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.