மறைத்திறவுகோலும் கருவியின் குறையும்

ஒற்றாடலுக்கு வள்ளுவர் தனியதிகாரம் வகுத்தார். பிறர் மறையை அறிதலும் தம் மறையைக் காத்தலும் அரசர்க்குத் தொன்றுதொட்ட கவலைகளாம். மறைமொழியில் எழுதிய ஓலை பகைவன் கைப்படினும் கேடில்லை; அதன் திறவுகோல் கைப்படின் யாவும் கெடும். ஆகவே சேய்மையிலுள்ளார்க்குத் திறவுகோலைக் களவுபோகாது சேர்ப்பது எங்ஙனம் என்பதே இத்துறையின் பழைய வினா.

அதற்குப் புதியதோர் விடை எழுந்த இடம் நமக்கு அணித்தாயதே. 1984ஆம் ஆண்டு திசெம்பரிற் பெங்களூரில் நிகழ்ந்த மாநாடொன்றின் ஏட்டில், அமெரிக்கரான சாள்ஸ் பெனெற்று, கனடியரான கில்ஸ் பிறசாட்டு ஆகிய இருவரின் கட்டுரை வெளிவந்தது. திறவுகோலின் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனி ஒளித்துணிக்கையின் அதிர்வுத்திசையில் ஏற்றி அனுப்புதல் வேண்டும். இடையில் ஒற்றன் அளந்து பார்ப்பின் துணிக்கையின் நிலை குலையும். இருபாலாரும் சில இலக்கங்களை ஒப்பிடுங்கால் மிகுந்து தோன்றும் பிழைகளே அவனைக் காட்டிக்கொடுக்கும். இதுவே 'சத்திச்சொட்டுத் திறவுகோற் பங்கீடு'. கணக்கின் கடுமையை நம்பாது இயற்கை விதியையே காவலாக்கியமை இதன் பெருமை.

எனினும் விதி வேறு, கருவி வேறு. 1989இல் அவர்கள் அமைத்த முதற்கருவியில் ஒளி சென்ற தூரம் ஏறக்குறைய 32 சதமமீற்றரே. அதன் மின்னுறுப்புக்கள் அதிர்வுத்திசைக்கேற்ப வெவ்வேறு ஓசை எழுப்பின! செவிட்டு ஒற்றனிடமிருந்து மட்டுமே அது முழுக்காவல் தருமெனப் பிறசாட்டு பின்னாளில் நகையாடினார்.

பின்வந்த குறைகள் நுட்பமானவை. ஒரு துடிப்பிற் பல துணிக்கைகள் சேர்ந்துவரின், ஒற்றன் ஒன்றைக் கவர்ந்து எஞ்சியவற்றைச் செல்லவிடுவான். இதற்கு மாற்றாக, வெவ்வேறு செறிவுள்ள பொய்த்துடிப்புக்களை இடையிடையே கலக்கும் முறை 2003இற் கூறப்பட்டது. 2010இல் நோர்வே நாட்டுத் துரொண்ணெய்ம் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும், விலைக்கு விற்கப்பட்ட கருவிகளின் ஒளியுணரிகளைப் பேரொளியாற் குருடாக்கித் தம் விருப்பப்படி இயக்கிக் காட்டினர். உணரியை நம்பவே வேண்டாத முறையொன்று 2012இல் வகுக்கப்பட்டது. எதிர்முனையில் இருப்பவர் உரியவர்தாமா என்று அறிதற்கு, முன்னரே பகிர்ந்த சிறு மறையொன்று இன்றும் வேண்டப்படுகின்றது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2021இல் அகமதாபாத்தில் 300 மீற்றர் தூரம் வெட்டவெளியில் இம்முறையை நிகழ்த்தியது. 2023இல் இந்திய அரசு இத்தகைய ஆய்வுகளுக்கென 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. பொருள் பெருகுந்தோறும் 'உடைக்கவொண்ணாதது' என்னும் விளம்பரமும் பெருகும். அதனை நம்பித் தம் மறையை ஒப்படைப்போர்க்கு வரலாறு கூறும் எச்சரிக்கை ஒன்றுண்டு: இதுகாறும் பொய்த்தது விதியன்று, கருவியே. குறையைக் கண்டு வெளிப்படக் கூறியோர் பகைவரல்லர். அவராலன்றோ காவல் வலுப்பெற்றது. ஐயுற்று ஆராய்வோரைப் போற்றுதல் கல்விக்கூடங்களின் கடனாம்.