இன்கிரிட்டின் மருந்துகளின் கணையப் பாதுகாப்பு குறித்த விலங்காய்வுகள்

இன்கிரிட்டின் மருந்துகளின் கணையப் பாதுகாப்பு குறித்த விலங்காய்வுகள் என்பவை, இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்கு வழங்கப்படும் இன்கிரிட்டின் வகை மருந்துகள் கணையத்தில் அழற்சியையோ புற்றுநோயையோ உண்டாக்குகின்றனவா என்பதை அறிய எலி, சுண்டெலி, குரங்கு முதலிய விலங்குகளில் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகள் ஆகும். 2009 முதல் 2014 வரை வெளிவந்த இவ்வாய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஆய்வுக்கு உட்பட்ட விலங்குகள் ஒரே நிலையில் இல்லாமை இம்முரண்பாட்டின் முதன்மையான காரணங்களுள் ஒன்று. பாதுகாப்பானது என்று காட்டிய ஆய்வுகளில் மிகப்பெரும்பாலானவை நலமான விலங்குகளில் செய்யப்பட்டவை. கேடு காட்டிய ஆய்வுகளிற் பல, முன்னரே நோயுற்ற அல்லது நோய்க்கு ஆளாகும்படி உருவாக்கப்பட்ட விலங்குகளில் செய்யப்பட்டவை.

பின்புலம்

உணவு உண்டபின் சிறுகுடல் இன்கிரிட்டின் எனப்படும் இயக்குநீர்களைச் (ஹார்மோன்களை) சுரக்கிறது. அவற்றுள் ஒன்றான ஜிஎல்பி-1, கணையத்திலுள்ள பீட்டா உயிரணுக்களைத் தூண்டி இன்சுலின் சுரப்பைக் கூட்டுகிறது. ஆனால் டிபிபி-4 என்னும் நொதி இதனைச் சில நிமிடங்களிலேயே சிதைத்துவிடும். எனவே இருவகை மருந்துகள் உருவாக்கப்பட்டன.

* ஜிஎல்பி-1 ஏற்பி முடுக்கிகள்: ஜிஎல்பி-1 போலச் செயற்பட்டு, எளிதில் சிதையாதவை. பெரும்பாலும் ஊசி மூலம் செலுத்தப்படுகின்றன. எக்செனடைடு (ஐக்கிய அமெரிக்காவில் இசைவு 2005), லிராகுளுட்டைடு (2010), செமாகுளுட்டைடு (2017) ஆகியவை இவ்வகையின.
* டிபிபி-4 தடுப்பிகள்: நொதியைத் தடுத்து, உடலிலேயே சுரக்கும் ஜிஎல்பி-1 நெடுநேரம் நிலைக்கச் செய்பவை. மாத்திரையாக உட்கொள்ளப்படுகின்றன. சிட்டாகிளிப்டின் (2006) இவ்வகையில் முதலில் இசைவு பெற்றது.

எக்செனடைடுக்கு அடிப்படையான புரதக்கூறு, கிலா என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சு கலந்த உமிழ்நீரிலிருந்து ஜான் எங் என்னும் ஆய்வாளரால் 1990களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது.

ஐயம் எழுந்த விதம்

2007 அக்டோபரில், எக்செனடைடு எடுத்துக்கொண்டவர்களில் 30 பேருக்குக் கடுங்கணைய அழற்சி ஏற்பட்டதாகத் தனக்கு அறிக்கைகள் வந்துள்ளன என்று ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அறிவித்தது. 2008 ஆகத்து மாதத்தில் மேலும் ஆறு தீவிர நிகழ்வுகள் குறிப்பிடப்பட்டன. அவர்களில் இருவர் இறந்தனர். 2009 செப்டெம்பரில் சிட்டாகிளிப்டின் தொடர்பில் 88 நிகழ்வுகள் அறிவிக்கப்பட்டன.

இவ்வறிக்கைகள் மட்டும் மருந்தே காரணம் என்பதை நிறுவப் போதியவை அல்ல. உடற்பருமன், பித்தக்கல், குருதியில் மிகைக் கொழுப்பு ஆகியவை நீரிழிவு நோயாளரிடம் மிகுதி. ஆகவே எம்மருந்தும் உட்கொள்ளாத நிலையிலும் அவர்களுக்குக் கணைய அழற்சி ஏனையோரைவிடக் கூடுதலாக ஏற்படுகிறது. மருந்தின் விளைவையும் நோயின் விளைவையும் பிரித்தறிய விலங்காய்வுகள் தேவைப்பட்டன.

ஐயத்தின் அடிப்படை பின்வருமாறு விளக்கப்பட்டது. ஜிஎல்பி-1 கொறிணிகளில் பீட்டா உயிரணுக்களின் பெருக்கத்தைத் தூண்டுகிறது. அதே தூண்டல் கணைய நாளங்களின் உட்சுவர் உயிரணுக்களையும் பெருக்குமானால், நாளங்கள் குறுகிச் செரிநீர் தேங்கி அழற்சி உண்டாகலாம். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் ஏற்கெனவே இருப்பின் அவை விரைவுபடலாம்.

கேடு காட்டிய ஆய்வுகள்

* 2009: லாசு ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் பட்லர் குழுவினர், மனித அமைலின் புரதத்தைச் சுரக்குமாறு மரபணு மாற்றப்பட்டு நீரிழிவுக்கு உள்ளாகும் எலிகளுக்கு 12 வாரங்கள் சிட்டாகிளிப்டின் அளித்தனர். நாள உயிரணுக்களின் பெருக்கம் கூடியது. சில எலிகளில் உயிரணு உருமாற்றமும் ஓர் எலியில் கணைய அழற்சியும் காணப்பட்டன. மெட்பார்மினைச் சேர்த்து அளித்தபோது இவ்விளைவு குறைந்தது.
* 2010: இயல்பான எலிகளுக்கு 75 நாட்கள் எக்செனடைடு அளித்த ஓர் ஆய்வில், செரிநீர் சுரக்கும் உயிரணுக்களிடையே அழற்சி பதிவானது.
* 2012: கணையப் புற்றுநோய்க்கு வித்திடும் மரபணுத் திரிபு கொண்ட சுண்டெலிகளில், எக்செனடைடு வகைப் பொருள் முன்புற்று மாற்றங்களையும் நாட்பட்ட அழற்சியையும் விரைவுபடுத்தியதாகப் பட்லர் குழு அறிவித்தது.

கேடு காணாத ஆய்வுகள்

வேதிப்பொருளால் கணைய அழற்சி உண்டாக்கப்பட்ட கொறிணிகளில் எக்செனடைடு அழற்சியைக் கூட்டவில்லை, மாறாகக் குறைத்தது என 2010இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இது அம்மருந்தை உருவாக்கிய நிறுவனத்தின் ஆய்வாகும். 2012இல் லிராகுளுட்டைடின் உற்பத்தியாளர் வெளியிட்ட ஆய்வில் சுண்டெலி, எலி, குரங்கு ஆகிய மூவினங்கள் ஆராயப்பட்டன. குரங்குகளுக்கு 87 வாரங்கள் வரை மருந்து அளிக்கப்பட்டது. மூவினங்களிலும் மருந்தால் விளைந்த கணைய அழற்சி காணப்படவில்லை.

ஒழுங்காற்று அமைப்புகளின் மறுஆய்வு

2013 மார்ச்சில் பட்லர் குழு, இறந்த உறுப்புக் கொடையாளர்களின் கணையங்களை ஒப்பிட்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டது. இன்கிரிட்டின் மருந்து எடுத்த எண்மரின் கணையங்கள், பிற மருந்துகளை எடுத்த பன்னிரு நீரிழிவு நோயாளரின் கணையங்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு எடை மிகுந்திருந்தன என்று அது கூறியது. ஒப்பிடப்பட்ட இரு குழுவினரும் வயதில் ஒத்தவர்கள் அல்லர் என்பது இவ்வாய்வின்மீது வைக்கப்பட்ட குறிப்பிடத்தக்க திறனாய்வு ஆகும். எனினும் இதனைத் தொடர்ந்து ஐக்கிய அமெரிக்க நிருவாகமும் ஐரோப்பிய மருந்துகள் முகமையும் சான்றுகள் அனைத்தையும் மீண்டும் ஆராய்ந்தன.

முடிவுகள் 2014 பெப்ரவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. ஐக்கிய அமெரிக்க நிருவாகம் ஏறத்தாழ 18,000 நலமான விலங்குகளில் நிகழ்த்தப்பட்ட 250க்கும் மேற்பட்ட நச்சியல் ஆய்வுகளை மீளாய்வு செய்திருந்தது. வெளிப்படையான கணையக் கேடோ அழற்சியோ அவற்றில் காணப்படவில்லை. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் ஈராண்டுகள் வரை மிகை அளவில் மருந்து அளித்தும் அதனால் கணையக் கட்டிகள் தோன்றவில்லை.

நலமான விலங்குகள் போதா என்பதை உணர்ந்து, நீரிழிவுற்ற கொறிணிகளில் மூன்று மாத ஆய்வுகளைச் செய்யுமாறு மருந்து நிறுவனங்களை நிருவாகம் பணித்திருந்தது. அப்போது வந்து சேர்ந்த மூன்று ஆய்வுகளிலும் கேடு தென்படவில்லை. ஆயினும் நிருவாகத்தின் சொந்த ஆய்வுக்கூடத்தில், கொழுப்பு மிகுந்த உணவு அளிக்கப்பட்ட சுண்டெலிகளில் எக்செனடைடு கணையச் சிதைவை மோசமாக்கியது. காரணத்தொடர்பு உண்டு என்ற கூற்று கிடைத்த சான்றுகளோடு ஒத்துவரவில்லை. எனினும் இறுதி முடிவு எட்டப்படவில்லை என்பதே இரு அமைப்புகளின் நிலைப்பாடு.

முரண்பாட்டுக்கான காரணங்கள்

* விலங்கின் நிலை: வழக்கமான நச்சியல் ஆய்வுகள் நலமான இளம் விலங்குகளில் செய்யப்படுகின்றன. மருந்தை உட்கொள்ளும் மனிதர்களோ பெரும்பாலும் நடுவயது கடந்தவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள்.
* உடலமைப்பு: எலிக்குப் பித்தப்பை இல்லை. மனிதரில் கணைய அழற்சியின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றான பித்தப்பைக் கல்லை எலியில் ஆராய இயலாது.
* எண்ணிக்கை: மனிதரில் அரிதாக நிகழும் தீவிளைவு, சில பத்து விலங்குகளில் தென்படாமற் போகலாம். ஒரே விலங்கில் தென்பட்டது தற்செயலாகவும் இருக்கலாம்.
* இன வேறுபாடு: லிராகுளுட்டைடு கொறிணிகளின் தைராய்டுச் சுரப்பியில் கட்டிகளை உண்டாக்கியது, குரங்குகளில் உண்டாக்கவில்லை. ஓரினத்தில் கண்டது மற்றோர் இனத்துக்குப் பொருந்தும் எனக் கொள்ளவியலாது என்பதற்கு இது சான்று.

மனிதர்களில் பின்னர் அறியப்பட்டவை

2015இல் வெளியான, 14,671 பேர் பங்கேற்ற ஆய்வில் சிட்டாகிளிப்டின் பெற்றோரில் 23 பேருக்கும் மருந்தற்ற மாத்திரை பெற்றோரில் 12 பேருக்கும் கடுங்கணைய அழற்சி ஏற்பட்டது. கணையப் புற்றுநோய் முறையே 9, 14 பேருக்கு ஏற்பட்டது. 2016இல் வெளியான, 9,340 பேர் பங்கேற்ற லிராகுளுட்டைடு ஆய்வில் அழற்சி முறையே 18, 23 பேருக்கும், கணையப் புற்றுநோய் 13, 5 பேருக்கும் ஏற்பட்டன. எண்கள் சிறியவை, திசையும் ஒன்றல்ல. டிபிபி-4 தடுப்பிகள் பற்றிய மூன்று பெரிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, கடுங்கணைய அழற்சி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் கூடுதலாகக் காணப்பட்டது.

ஆகவே பல்லாயிரம் நலமான விலங்குகளில் தென்படாத சிறிய இடர், பல்லாயிரம் நோயாளரை ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது தெரியவந்தது எனலாம். விலங்காய்வுகள் பெரிய கேடு இல்லை என்பதைச் சரியாகவே காட்டின. அரிய கேட்டை அளவிட அவற்றால் இயலவில்லை. இம்மருந்துகளின் குறிப்புத்தாள்களில் கணைய அழற்சி குறித்த எச்சரிக்கை இடம்பெற்றுள்ளது. விடாத கடும் வயிற்றுவலி ஏற்படின் உடனே மருத்துவரை நாடவேண்டும் என அவை அறிவுறுத்துகின்றன.

இவற்றையும் பார்க்க

* கணையம்
* கணைய அழற்சி
* இரண்டாம் வகை நீரிழிவு நோய்
* இன்சுலின்
* நச்சியல்