மருத்துவமனையில் ஒரு சடங்கு

கோயில் வாசலில் நின்று "இந்தச் சடங்கு எதற்கு?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால், தோழர்களே, மருத்துவமனை வாசலில் நின்று அதே கேள்வியை நாம் கேட்டதுண்டா? காவி சொன்னால் மூடநம்பிக்கை, வெள்ளை அங்கி சொன்னால் விஞ்ஞானம் என்று எண்ணிவிட்டால், நாம் மாற்றியது பூசாரியைத்தான், பூசையை அல்ல!

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், அவற்றைப் பின்பற்றிய பிற நாடுகளிலும், மகப்பேற்று விடுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது. வலியோடு வந்து சேர்ந்த பெண்ணைப் படுக்கவைத்து, அவளது மறைவிடத்து மயிரைச் சவரக்கத்தியால் ஒட்ட மழிப்பார்கள். வேண்டுமா என்று அவளை யாரும் கேட்டதில்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை. நாணம் நாவைக் கட்டியது. இந்தச் செய்தியைப் படித்ததும் முகஞ்சுளிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: அந்த முகச்சுளிப்புதான் இந்தப் பிழைக்கு நீண்ட ஆயுளைத் தந்தது.

மழித்தல் புதிய வழக்கமன்று. எகிப்தின் பூசாரிகள் ஒன்றுவிட்டு ஒரு நாள் உடல் முழுவதையும் மழித்துக்கொண்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதி வைத்தார். தெய்வப் பணி செய்பவர் மேனியில் பேன் அண்டக்கூடாது என்பது காரணம். பேனுக்குப் பயந்து எடுத்த கத்தி, பின்பு புனிதத்தின் சின்னமாயிற்று. காரணம் மறையும், கட்டளை நிற்கும். சடங்கு பிறக்கும் வழி இதுவே.

மருத்துவமனைக்குள் இந்தக் கத்தி எப்படி நுழைந்தது? 1846-ஆம் ஆண்டு வியன்னா நகரப் பெரிய மருத்துவமனைக்குச் செல்வோம். மருத்துவ மாணவர்கள் பணியாற்றிய மகப்பேற்றுப் பிரிவில், அவ்வாண்டு தாய்மாருள் நூற்றுக்குப் பதினொருவர் மாண்டனர். மருத்துவச்சிகள் பயின்ற அடுத்த பிரிவிலோ சாவு மிகக் குறைவு. ஏன் என்று கேட்டார் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர். பிணத்தை அறுத்த கையோடு வந்து மகப்பேறு பார்த்ததே காரணம் என்று கண்டார். 1847-இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். 1848-இல் சாவு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றாகச் சுருங்கியது.

குற்றவாளி எது? மருத்துவரின் கை! ஆனால் அந்த உண்மையை அன்றைய பெருமக்கள் பலர் ஏற்கவில்லை. பின்னர், நோய்க்குக் காரணம் கிருமி என்பதைப் பாஸ்டரும் லிஸ்டரும் உலகுக்கு உணர்த்தினர். அறுவை அறையில் தூய்மை வந்தது. அந்த நல்ல மாற்றத்தோடு ஆராயப்படாத ஒரு கருத்தும் ஒட்டிக்கொண்டு வந்தது: மயிர் அழுக்கு, அழுக்கில் கிருமி, ஆகவே மழித்துவிடு! தருக்கம் அழகாகத்தான் இருந்தது. மெய்தானா என்று சோதித்துப் பார்க்க ஆளில்லை. கையில் இருந்த குற்றம் பெண்ணின் மேனிக்கு மாற்றப்பட்டது.

சோதித்தவர்கள் வந்தார்கள். 1922-இல் அமெரிக்காவில் ஜான்ஸ்டன், சிடால் என்ற இரு மருத்துவர்கள் 389 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மழித்தனர். மறு பிரிவினருக்கு மயிரைக் கத்தரியால் குறைத்ததோடு நிறுத்தினர். கத்தி படாத பெண்களுக்குக் காய்ச்சல் கூடவில்லை. மழிப்பதால் பயன் தெரியவில்லை என்ற முடிவு அச்சில் வந்தது. கத்தி நின்றதா? இல்லை! 1965-இல் 150 பெண்களிடம் மற்றோர் ஆய்வு நடந்தது. அதே விடை. 1985-இல் பிரேசில் நாட்டின் ஃபோர்ட்டலேசா நகரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு, மகப்பேற்றுக்கு முன் மழிப்பதற்குத் தேவையே இல்லை என்று கூறியது. 2005-இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு, 500 பெண்களைப் பார்த்தும் அதே முடிவுக்கு வந்தது. 1922-க்கும் 1985-க்கும் இடையே அறுபத்து மூன்று ஆண்டுகள்! இடையில் எத்தனை தாய்மார் எரிச்சலும் கீறலும் பட்டனர்! மயிர் மீண்டும் முளைக்கும்போது எழும் அரிப்பைக் கைக்குழந்தையோடு பொறுத்தனர்.

தீமை எப்படி நேர்கிறது? சவரக்கத்தி மயிரை மட்டும் வெட்டுவதில்லை. தோலின் மேற்பரப்பையும் சுரண்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. தோலின்மேல் இயல்பாக வாழும் கிருமிகளுக்கு அவை திறந்த வாசல். மறைவிடத்து மயிர் சுருளும் தன்மையுடையது. தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டால், கூர்மையான நுனி வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்து வளர்கிறது. அதனால் சிவந்த பருவும் சீழ்க்கட்டியும் தோன்றுகின்றன.

அறுவை மருத்துவத்திலும் இதே கதைதான். 1971-இல் செரோபியன், ரேனால்ட்ஸ் ஆகியோர் 406 நோயாளிகளின் அறுவைக் காயங்களை ஒப்பிட்டனர். கத்தியால் மழிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 5.6 பேருக்குக் காயத்தில் நோய்த்தொற்று. மயிரை அகற்றாமல் விட்டவர்களுக்கு 0.6. காக்கும் என்று நம்பிய கத்தியே பகைவனுக்கு வழிவிட்டது! 2016-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகக் கூறியது: அறுவைக்கு முன் மயிரை அகற்றாதீர், மிகவும் தேவையென்றால் கத்தரிப்பானால் மட்டும் குறையுங்கள், மழிக்கவே வேண்டாம்.

அப்படியானால் தம் விருப்பத்திற்காக மழித்துக்கொள்வோர் தவறிழைக்கிறார்களா? இல்லை. அது அவரவர் உரிமை. மயிர் அழுக்கன்று, உராய்விலிருந்து தோலைக் காப்பது. வைத்திருப்பதும் குறைப்பதும் அகற்றுவதும் அவரவர் உடல், அவரவர் முடிவு. ஆனால் செய்வதை அறிந்து செய்க.

குறைத்தால் போதும் என்பவர் மழிக்க வேண்டாம். முனை மழுங்கிய சிறு கத்தரியோ, டிரிம்மரோ போதும். தோலைத் தொடாமல் சிறிது நீளம் விட்டு வெட்டினால் எரிச்சலுக்கு இடமில்லை. மழித்தே தீர வேண்டுமெனில், முதலில் கத்தரியால் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் நனைத்து மயிரை மென்மையாக்குக. நுரை பூசுக, உலர்ந்த தோலில் கத்தி வைக்காதீர். கூரிய, தூய பிளேடு வேண்டும். மழுங்கியது அழுத்தச் சொல்லும், அழுத்தினால் வெட்டும். மயிர் வளரும் திசையிலேயே மழிக்க. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர். பின்பு குளிர்ந்த நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தி ஆடை அணிக. மணமூட்டிய களிம்பு வேண்டாம். பரு தோன்றினால் கிள்ளாதீர், ஆறும்வரை மழிக்காதீர். சீழோ காய்ச்சலோ கண்டால் மருத்துவரை நாடுக.

இன்னொன்று முக்கியம். விடுதி அறையில் ஒரு பிளேடை நால்வர் பகிர்ந்துகொள்வதை நாம் கண்டிருக்கிறோம். அது நட்பன்று. மஞ்சள் காமாலையைத் தரும் கிருமி ஒருவர் குருதியிலிருந்து மற்றவர் குருதிக்குச் செல்ல அந்தச் சிறு கீறலே பாலம்.

கத்தி இன்றும் எல்லா இடங்களிலும் ஓய்ந்துவிடவில்லை. நாளை உங்கள் தங்கையோ துணைவியோ மகப்பேற்றுக்குச் செல்லும்போது, யாரேனும் சவரக்கத்தியோடு வந்தால் பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள்: "இது எதற்கு? கத்தரித்தால் போதாதா?" அவள் வலியில் இருந்தால், அவள் விருப்பத்தை அறிந்து, அவளுக்காக நீங்கள் கேளுங்கள். அந்தக் கேள்வி மருத்துவத்துக்கு அவமதிப்பன்று. செம்மல்வைஸ் கேட்டது அது. ஜான்ஸ்டனும் சிடாலும் கேட்டது அது. மருத்துவம் வளர்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.