காசில் மட்டும் வாழும் மன்னர்கள்

இந்துகுஷ் மலைக்கும் ஆமு தர்யா ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் பழங்காலத்தில் பாக்திரியா என வழங்கியது. இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானாகிய அங்கு, கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் செலூக்கியப் பேரரசிலிருந்து பிரிந்து தனியரசு அமைத்த கிரேக்கர்களும், பின்னர் மலையைக் கடந்து காந்தாரத்தையும் பஞ்சாபையும் ஆண்ட அவர்தம் வழியினருமாக, ஏறத்தாழ கி.பி. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நாற்பதுக்கும் மேற்பட்ட மன்னர்கள் அரியணை ஏறினர். இவர்களுள் ‘மிலிந்த பஞ்ஹ’ என்ற பாலி நூலால் அறியப்படும் மெனாண்டரைப் போல ஏட்டில் இடம்பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. மற்றவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கே அவர்கள் அடித்த காசுகளைத் தவிரப் பெரும்பாலும் வேறு சான்று கிடையாது. ஆகவே பெயர் தெரியாத சிற்றரசனின் வெள்ளிக்காசு என்று ஒதுக்கப்படுவது உண்மையில் ஒரு மனிதனின் முழு வரலாறாகவே இருக்கக்கூடும்.

ஆன்டிமாக்கஸ் என்ற மன்னனின் நாற்திரக்மாவை எடுத்துக்கொள்ளலாம். திரக்மா என்பது கிரேக்கரின் வெள்ளி நாணய அலகு. ஏதென்ஸ் நகரின் நிறையளவுப்படி அது 4.3 கிராம் அளவும், அதன் நான்கு மடங்கான நாற்திரக்மா 17 கிராம் அளவும் இருக்கும். அந்தச் சிறு வட்டத்துக்குள், மாசிடோனியரின் தட்டையான தொப்பி அணிந்து, உதட்டோரம் மெல்லிய முறுவலோடு பக்கவாட்டில் நோக்கும் நடுவயதுக்காரர் ஒருவர் தெரிகிறார். கன்னத்து மடிப்பைக்கூட விட்டுவிடாமல் செதுக்கிய அச்சுக் கொல்லனின் கைத்திறன் வியக்க வைக்கிறது. மறுபுறம் முச்சூலம் ஏந்திய கடல் தெய்வம் பொசைடன் நிற்கிறார். கடலே இல்லாத நாட்டுக்குக் கடல் தெய்வம் ஏன் என்ற கேள்விக்கு, ஆற்றுப் படகுப் போர் ஒன்றின் வெற்றியைக் குறிப்பதாக அறிஞர் சிலர் விடை கூறுகின்றனர். பெயருக்கு முன் ‘தியோஸ்’, அதாவது தெய்வம், என்ற பட்டம் பொறிக்கப்பட்டுள்ளது. நெடுங்காலம் காசில் மட்டுமே வாழ்ந்த இம்மன்னன் பெயர், அதே பட்டத்தோடு, தோல் துண்டில் எழுதப்பட்ட ஒரு வரி ரசீதில் இருப்பது 1994இல் வெளியானபோது, காசுகள் சொன்ன சான்று பொய்யில்லை என்பது உறுதியாயிற்று.

அவனுக்கு ஏறத்தாழச் சமகாலத்தவனான அகத்தோக்ளிஸ் இன்னும் விந்தையானவன். அலெக்சாண்டர், தியோடோட்டஸ், யூத்திடெமஸ் முதலிய முன்னோடி மன்னர்களின் முகத்தை ஒருபுறமும், ‘அகத்தோக்ளிஸின் ஆட்சியில்’ என்ற குறிப்பை மறுபுறமும் பொறித்து அவன் வெளியிட்ட நினைவுக் காசுகள், தன் அரசுரிமையை நிலைநாட்ட விரும்பிய ஒருவனின் அறிக்கையாகவே படிக்கத்தக்கவை. 1970இல் ஆப்கானிஸ்தானின் ஆய் கானும் என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், முத்திரைக் காசுகள் எனப்படும் பழைய இந்திய வெள்ளிக்காசுகள் 677உடன் ஒரே குடுவையில் அவனுடைய 6 சதுர வெள்ளிக்காசுகளும் கிடைத்தன. அவற்றின் ஒருபுறம் கலப்பை ஏந்திய பலராமர், கிரேக்க எழுத்து. மறுபுறம் சங்கும் சக்கரமும் ஏந்திய வாசுதேவர், பிராமி எழுத்து. கண்ணன் உருவம் காசில் இடம்பெற்ற மிகப் பழைய சான்றுகளுள் இவை அடங்கும். இக்காசுகள் எந்த அறையில், எவற்றோடு கிடந்தன என்று அகழாய்வாளர்கள் குறித்து வைத்ததால்தான் இவற்றின் மதிப்பு பன்மடங்காயிற்று.

இத்தகைய மன்னர்களின் வரிசையை அமைப்பது எளிதன்று. ஒரு மன்னன் மற்றொருவனின் காசை உருக்காமல் அதன் மேலேயே தன் அச்சை அடிப்பது உண்டு. அடியில் தெரியும் பழைய எழுத்து யாருடையதோ அவன் முந்தியவன், அல்லது குறைந்தது சமகாலத்தவன், என்று அதைக்கொண்டு கணிக்கின்றனர். இப்படி அப்பொல்லோடோட்டஸின் செப்புக்காசுகள் மேல் யூக்ரடைடிஸ் அச்சடித்திருக்கிறான். இரு காசுகள் ஒரே அச்சில் பிறந்தவை என்று கண்டறிந்தால், அவை ஒரே அக்கசாலையில் அடுத்தடுத்து அடிக்கப்பட்டவை என்று கொள்ளலாம். இந்தக் கலையை இலங்கையில் பிறந்த நாணயவியலாளர் ஒஸ்மண்ட் போபெஆராச்சி பெரிதும் வளர்த்தார்; பாரிஸ் தேசிய நூலகத்தின் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1991இல் அவர் வெளியிட்ட பட்டியல் இன்றும் இத்துறையின் அடிப்படைக் கருவியாகும்.

சேகரிப்பாளர்களுக்கு இந்த அறிவுத்துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது. 1830களில் சார்லஸ் மேசன் என்ற சேகரிப்பாளர் காபூலுக்கு வடக்கே பெக்ராமில் பல்லாயிரம் காசுகளைத் திரட்டினார். ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் கரோஷ்டி என்ற பழைய இந்திய எழுத்தும் தாங்கிய இத்தகைய காசுகளே ஆய்வாளர் ஜேம்ஸ் பிரின்செப் கரோஷ்டி எழுத்தைப் படிக்கத் துணைநின்றன. ‘பசிலியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் நிற்கும் இடத்தில் மறுபுறம் ‘மகாராஜச’ என்று வரும்போது, மறந்துபோன ஓர் எழுத்து எவ்வாறு வாய்திறந்தது என்பதை எவரும் கண்ணால் காணலாம்.

ஆனால் அதே சேகரிப்பு ஆர்வம் பேரழிவையும் செய்திருக்கிறது. 1946இல் குந்தூஸ் பகுதியில் கிடைத்த 600க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகளின் புதையலில், அமிண்டாஸ் என்ற மன்னனின் 5 பெருங்காசுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 80 கிராமுக்கும் மேல் நிறையுள்ள, கிரேக்கர் அடித்த மிகப் பெரிய வெள்ளிக்காசுகள் இவையே. அடித்தவனைப் பற்றியோ காசுகளுக்கு அப்பால் ஒரு வரிகூட எஞ்சவில்லை. காபூல் அருங்காட்சியகத்தில் இருந்த இப்புதையல் 1990களின் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. 1992 முதல் ஆப்கானிஸ்தானின் மீர் ஜகா என்ற ஊரில் ஒரு கிணற்றிலிருந்து டன் கணக்கில் எடுக்கப்பட்ட காசுகள் பெஷாவர் சந்தை வழியே சிதறின. எது எதனோடு கிடந்தது என்ற செய்தி என்றைக்குமாக அழிந்தது. அந்தச் செய்தியின் இழப்பு, காசுகளின் இழப்பைக் காட்டிலும் கொடியது.

ஆதலால் இத்துறையில் நுழைபவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, காசின் வழியை: முன்பு யாரிடம் இருந்தது, எந்தப் பட்டியலில் அச்சாயிற்று, எப்போது நாட்டைவிட்டு வெளியேறியது என்பதை. விடை இல்லாத காசைத் தொடாமல் விடுவதே நேர்மை. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுப்பவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆற்று மணலிலோ வயலிலோ பழங்காசு தட்டுப்பட்டால், அதைத் தேய்த்துக் கழுவாமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தகவல் தருமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.