கோடைத் தலைநகரிலிருந்து தேனிலவு மலைக்கு

சென்னைத் தரமணியில் 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதைத் தொடர்ந்து பெருகிய கணினி நிறுவனங்களில் பணிபுரியும் இளந்தம்பதியர், வார இறுதியுடன் ஓரிரு நாள் விடுப்பைச் சேர்த்து உதகமண்டலத்துக்கும் குன்னூருக்கும் சென்றுவரும் வழக்கத்திற்கு, இரு நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய காலனிய வரலாறு பின்புலமாக உள்ளது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்ற பின்னர், அம்மலை ஆங்கிலேயர் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாயிற்று; நாளடைவில் அங்குள்ள உதகமண்டலம் சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமாகவும், அதாவது வெயில் மாதங்களில் ஆளுநரும் அதிகாரிகளும் இடம்பெயர்ந்து அரசு நடத்தும் ஊராகவும் உயர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கி, 1908இல் உதகையை எட்டிய மலை ரயில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையை எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறும் அமைப்புடையது. 2005இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

பயணியர் பார்த்து மகிழும் தேயிலைச் சரிவுகளுக்கு உழைப்பின் வரலாறும் உண்டு: இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலையளிக்கவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கு உருவாக்கப்பட்டு, பின்னர் ‘டான்டீ’ என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் வந்தன. ஆகவே, ஆட்சியாளரின் ஓய்விடமாகத் தொடங்கிய மலை, இன்று நடுத்தர வகுப்பாரின் தேனிலவுத் தலமாகவும், கொழுந்து பறிப்போரின் வாழ்விடமாகவும் ஒருங்கே விளங்குகிறது.