தரப்படுத்தலும் முகாம் பிள்ளைகளும்

இலங்கையில் 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, பல்கலைக்கழக அனுமதியில் ‘தரப்படுத்தல்’ என்னும் முறையை, அதாவது தேர்வு எழுதிய மொழியைப் பொறுத்துத் தகுதி மதிப்பெண்ணை வேறுபடுத்தும் முறையைப் புகுத்தியபோது, மருத்துவம் பயில விரும்பிய தமிழ் மாணவர் 400க்கு 250 பெற வேண்டியிருக்க, சிங்கள மாணவருக்கு 229 போதுமானதாயிற்று. அந்த 21 மதிப்பெண் இடைவெளி யாழ்ப்பாணத்து வீடுகளில் ஏற்படுத்திய காயம் ஆழமானது. ஒரு தலைமுறை இளைஞர் அரசின்மீது நம்பிக்கை இழந்ததற்கு அதுவும் ஒரு முதன்மையான காரணம்.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து இந்தியாவுக்கு அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் இடம் ஒதுக்கியது. ஆனால் 1991இல் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இலங்கைத் தமிழ்ப் போராளிகளால் கொல்லப்பட்டதையடுத்து அச்சலுகை பறிபோக, குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத மாணவர்களே அதன் விலையைக் கொடுத்தனர்.

குடியுரிமையும் அவர்களுக்கு எளிதில் எட்டவில்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறப்பவர், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை பெற இயலாது என்பதால், தமிழகத்தின் கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் பிறந்து தமிழகப் பாடநூலையே படித்து வளர்ந்த மாணவியும் விண்ணப்பத்தில் ‘நாட்டுரிமை’ என்ற கட்டத்துக்கு வரும்போது பேனாவை நிறுத்த நேர்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே கருத்தில் கொண்டு, இலங்கையிலிருந்து வந்தோரை விட்டுவிட்டது.