வசவாகிப்போன வாத்தியார் சொல்

எம்.பி.பி.எஸ். படிக்கும் என் அக்கா மகள் ஒரு நாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இன்னிக்கு டைடாக்டிக் கிடையாது சித்தி, நேரா வார்டுதான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவள் நான். எங்கள் துறையில் ஒரு கவிதையை 'டைடாக்டிக்' என்று சொல்லிவிட்டால் கிட்டத்தட்ட அதன் கதை முடிந்தது. பிரசார நெடி அடிக்கிறது, ஆசிரியர் பிரம்போடு வந்து நிற்கிறார் என்று அர்த்தம். பையன்கள் பேச்சில் சொன்னால், 'அட்வைஸ் பண்றான்.' மருத்துவக் கல்லூரியிலோ அதற்கு எந்தக் கெட்ட வாடையும் இல்லை. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பது கிளினிக்ஸ், ஹாலில் உட்கார்ந்து கேட்பது டைடாக்டிக். அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் பழைய பொருள். கிரேக்கத்தில் 'டிடாஸ்கைன்' என்றால் கற்பிப்பது. ஏதென்ஸில் நாடகம் எழுதுபவருக்கே 'டிடாஸ்கலோஸ்', அதாவது வாத்தியார் என்று பெயர். பாடிக்கொண்டே ஆடும் குழுவுக்கு வரியும் அடவும் சொல்லிக் கொடுத்துப் பழக்கியவர் அவர்தானே. நம் தெருக்கூத்து வாத்தியாரை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். எந்த ஆண்டு யார் நாடகம் போட்டார், யார் ஜெயித்தார் என்ற பதிவுகளுக்கு 'டிடாஸ்கலியாய்' என்று பெயர். அரிஸ்டாட்டில் அவற்றைத் தொகுத்தார். நீதி சொல்வது அந்தச் சொல்லுக்குள் அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. தொழில் கற்றுக் கொடுப்பது இருந்தது.

இப்படித் தொழில் சொல்லித் தரும் கிரேக்கப் பாட்டுகளில் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது ஹீசியட் பாடிய 'வேலைகளும் நாட்களும்'. கி.மு. 700 வாக்கில், கிரேக்கத்தின் பியோஷியா பக்கத்து மலையடிக் கிராமத்து ஆள் அவர். பாட்டு யாருக்கு? தம்பி பெர்சஸுக்கு. அப்பன் சொத்தைப் பிரித்ததில் அதிகப்படியாகச் சுருட்டிக்கொண்டு, தீர்ப்புச் சொல்கிற பெரிய மனிதர்களுக்குக் கைநீட்டம் கொடுத்தான் என்று தம்பி மேல் அண்ணனுக்குக் கோபம். அந்தக் கோபத்தோடேயே எந்த நட்சத்திரம் தெரியும்போது அறுக்க வேண்டும், எப்போது உழ வேண்டும், எந்த மாதத்தில் கடலில் இறங்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். பங்காளிச் சண்டையில் பிறந்த வேளாண் பஞ்சாங்கம் அது. அறிவுரைதான், ஆனால் சொல்பவனும் அதே நிலத்தில்தான் நிற்கிறான்.

ரோமில் இது கலையாகவே வளர்ந்தது. அணுக்களைப் பற்றி நீண்ட பாட்டு எழுதிய லுக்ரீஷியஸ், கசப்பு மருந்துக் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுவதுதான் தன் வேலை என்கிறார். நம் ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை; சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிய பாட்டிகள் நமக்கு உண்டு. வர்ஜில் கி.மு. 29இல் முடித்த 'ஜியார்ஜிக்ஸ்' உழவு, திராட்சை, மாடு, தேனீ என்று நான்கு பாகம். அதில் மண்ணைச் சோதிக்க ஒரு வழி வரும். ஆழமாகக் குழி வெட்டி, எடுத்த மண்ணை அதிலேயே போட்டு மிதிக்க வேண்டும். குழி நிறையாவிட்டால் இளகிய மண், திராட்சைக்கு நல்லது. நிறைந்து மேலே மிஞ்சினால் இறுகிய மண். இந்தக் குழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஆங்கிலத்துக்கு 'டைடாக்டிக்' என்ற பெயரடை 1600களின் நடுவில்தான் வந்து சேர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் அது கௌரவமான கவிதை வகை ஒன்றின் பெயர். வர்ஜிலைப் பார்த்து ஆளாளுக்கு எழுதினார்கள். 1708இல் ஜான் பிலிப்ஸ் ஆப்பிள் மதுவைப் பற்றி, 1757இல் ஜான் டையர் ஆட்டு ரோமத்தைப் பற்றி. 1764இல் வந்தது ஜேம்ஸ் கிரெயிஞ்சரின் 'கரும்பு'. இவர் ஒரு டாக்டர், கரீபியக் கடலில் செயின்ட் கிட்ஸ் தீவில் இருந்தவர். கையெழுத்துப் பிரதியை ஓவியர் ரெனால்ட்ஸ் வீட்டில் வாசித்தபோது, எலிகளைப் பாடுவோம் வா என்று கலைமகளைக் கூப்பிடும் இடத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது என்று பாஸ்வெல் எழுதிவைத்திருக்கிறார். அச்சில் வந்தபோது அந்த இடத்தில் எலியைப் பெயர் சொல்லாமல், மீசையை மட்டும் அடையாளம் காட்டிச் சமாளித்திருந்தார் கிரெயிஞ்சர்.

வகுப்பில் நானும் அந்த எலிக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நாலாவது பாகத்தைப் படித்துக் காட்டியதே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்படும் அடிமைகளில் யாரை வாங்க வேண்டும், எந்த வியாதி வந்தால் என்ன மருந்து, எப்படி வேலை வாங்க வேண்டும் என்று தோட்ட முதலாளிக்குப் பாடம் நடத்துகிற பாகம் அது. கொஞ்சம் இரக்கம் காட்டச் சொல்கிறார்தான். தேன் தடவிய கிண்ணம் என்னவோ அதேதான், உள்ளே இருந்தது வேறு.

அதே காலத்தில் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டார்கள். 1744இல் லண்டன் புத்தக வியாபாரி ஜான் நியூபெரி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். விலை ஆறு பென்னி. இன்னும் இரண்டு பென்னி கொடுத்தால் பையனுக்குப் பந்து, பெண் பிள்ளைக்கு ஊசி குத்தி வைக்கும் மெத்தை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நல்லது செய்தால் சிவப்பில் ஒரு குண்டூசி, குறும்பு செய்தால் கறுப்பில். விற்கத் தெரிந்த மனுஷன்.

ஹானா மோர் என்ற எழுத்தாளரின் விஷயம் அப்படி விளையாட்டில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு தாமஸ் பெயினின் எழுத்து ஏழைகளின் கைக்குப் போய்விட்டதே என்று பயந்தவர்களில் அவரும் ஒருவர். 1795இல் மலிவுக் கதைப் பிரசுரங்கள் வெளியிடத் தொடங்கினார். சந்தையில் விற்கும் குஜிலிப் புத்தகம் போலவே முரட்டுக் காகிதம், மர அச்சுப் படம். விலை அரைப் பென்னியிலிருந்து ஒன்றரைப் பென்னிக்குள். உள்ளே, பட்டினி கிடந்தாலும் பொறுமையாக இருக்கும் ஆட்டிடையன், குடித்துக் கெட்டவன், ஒழுங்காக வேலை செய்து மேலே வந்தவன். ஒரு வருஷத்தில் இருபது லட்சம் பிரதிகள் போயின. கட்டுக் கட்டாக வாங்கியவர்களில் பாதிரிமாரும் பண்ணையாரும் நிறைய. படிக்க வேண்டியவர் ஒருவர், காசு கொடுத்தவர் இன்னொருவர். சொல்லுக்கு நெடி ஏறியது இங்கேதான் என்பது என் கணிப்பு. தம்பியோடு மல்லுக்கட்டிய ஹீசியட் போல இல்லாமல், மேலே இருப்பவர் கீழே இருப்பவரை இருந்த இடத்திலேயே இரு என்று சொல்லும் குரலாகிவிட்டது அது.

பிறகு கவிஞர்கள் திரும்பிக் கொண்டார்கள். கோல்ரிட்ஜின் 'முதிய மாலுமி' பாட்டில் நீதியே இல்லையே என்று எழுத்தாளர் திருமதி பார்பால்ட் குறைப்பட்டபோது, நீதி அதிகமாகப் போய்விட்டது என்பதுதான் குறை என்றார் அவர். ஷெல்லி 1820இல் போதனைக் கவிதை தனக்கு ஆகவே ஆகாது என்று முன்னுரையில் அறிவித்தார். எட்கர் ஆலன் போ அதைக் கவிதை மதத்துக்கே எதிரான துரோகம் என்கிற அளவுக்குப் போனார். அதைச் சொன்ன கட்டுரை அவர் இறந்த மறு ஆண்டு, 1850இல் அச்சானது. 1865இல் பிள்ளைகள் கதையான ஆலிஸ் வந்து, ஐசக் வாட்ஸின் நீதிப்பாட்டிலிருந்த சுறுசுறுப்புத் தேனீயை எடுத்துவிட்டு முதலையை வைத்ததும் பிள்ளைகளும் கட்சி மாறிவிட்டார்கள். பெர்னார்ட் ஷா மட்டும் 1916இல் தன் 'பிக்மேலியன்' நாடகம் வேண்டுமென்றே போதிக்க எழுதியதுதான் என்று மார்தட்டினார். வசவைப் பட்டமாக மாட்டிக்கொள்கிற குசும்பு அவருக்கு.

ஜெர்மனியில் இதெல்லாம் நடக்கவில்லை என்பது வேடிக்கை. அங்கே 'டிடாக்டிக்' இன்றும் கற்பிக்கும் முறையைப் பற்றிய படிப்பு.

நமக்கு அந்தச் சொல் நெடியோடு வந்தது. பதினெண்கீழ்க்கணக்கை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துகிறவர்கள் 'டைடாக்டிக்' என்று மொத்தமாக முத்திரை குத்திவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே குத்தியிருக்கிறேன். பதினெட்டில் பதினொன்றுதான் அறம் சொல்பவை. ஆறு அகம், ஒன்று போர்க்களம். அந்தப் பதினொன்றிலும் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயரையே வெளிப்படையாகப் போட்டுக்கொண்டவை மூன்று. லுக்ரீஷியஸ் விளிம்பில் தேன் தடவி ஏமாற்றினார் என்றால், இவர்கள் சுக்கு, மிளகு, திப்பிலி என்று டப்பா மேலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்த நேர்மையை வகுப்பில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

கரிசல் காட்டுப் பையன் ஒருவன் தேர்வுத்தாளில் வர்ஜிலின் குழியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். தன் தாத்தாவும் மண்ணை இப்படித்தான் பார்ப்பார், இந்தக் கவிதை உபயோகமானது என்று. கேள்வி நடையழகைப் பற்றியது. 'பொருத்தமற்றது' என்று சிவப்பு மையில் எழுதி ஐந்து மார்க் குறைத்தேன்.

போன ஐப்பசியில் கொல்லையில் எலுமிச்சைக் கன்று வைக்க முழங்கால் ஆழம் குழி எடுத்தேன். கன்றை ஓரமாக வைத்துவிட்டு, மண்ணை முழுக்கத் திரும்பத் தள்ளி மிதித்துப் பார்த்தேன். குழி நிறைந்து ஒரு சாண் மேடு மிஞ்சியது. இறுகிய மண், கட்டி உடையாது, பலமான மாட்டைக் கட்டி உழு என்கிறார் வர்ஜில். என்னிடம் கடப்பாரைதான் இருந்தது.